தாழ்ந்த கூரைக்கு எதிராக நான் பேசிய பேச்சு

உப்பளத் தோழர்களே, தாய்மார்களே, சங்கத்தின் பொறுப்பாளர்களே, இக்கடிதம் என் மகன் எழிலனுக்கு எழுதப்படுகிறது. ஆயினும் உங்கள் முன்னிலையில்தான் எழுதுகிறேன். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு நான் இழைத்த தீங்கு வீட்டின் நான்கு சுவருக்குள் நிகழ்ந்ததன்று. உங்கள் நடுவில், ஒலிபெருக்கியின் முன், உங்கள் கைதட்டலோடு நிகழ்ந்தது. முப்பது ஆண்டுகளாக மேடை ஏறும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டோடுதான் ஏறியிருக்கிறேன். கூலி குறைந்தபோது முதலாளியைச் சாடினேன். குடிநீர் வராதபோது அதிகாரியைச் சாடினேன். இன்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. மூன்று மாதம் உழைத்து மூவர் உருவாக்கிய ஒரு வரைபடத்தை, அதைச் சரியாகப் பார்க்கக்கூடச் செய்யாமல், ஒருவன் பேசியே வீழ்த்திவிட்டான். அவன் நான்.

எழிலா, அன்றைய பொதுக்குழுவை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்று வராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஐந்தாண்டுகளாக மூடிக் கிடக்கும் பழைய ஓய்வு மண்டபத்துக்கு மாற்றாகப் புதிய ஓய்விடம் ஒன்றை வரைந்து தருமாறு சங்கம் உன் அலுவலகத்தைக் கேட்டிருந்தது. நீ வந்தாய். சுவரில் தாளை ஒட்டினாய். ‘இதான் வரைபடம். எதுனா கேக்கணும்னா கேளுங்க’ என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாய். நீண்டு, தரையோடு தரையாகக் கிடந்தது கட்டடம். உப்புப் பாத்திகளைப் பார்த்த இரு பக்கமும் கூரை தோள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அது என் கண்ணை உறுத்தியது. எழுந்தேன். ‘பாத்தியில் குனிந்து குனிந்து வளைந்த முதுகு நம்முடையது. இளைப்பாறும் இடத்திலுமா குனிய வேண்டும்? நிமிர்ந்து நுழையும் வாயில் வேண்டும் நமக்கு. நெடிது உயர்ந்த கூரை வேண்டும் நமக்கு’ என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. நுழையும் பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலாகத் திறந்திருந்ததை நான் பார்த்தேன், மகனே. பார்த்தும் சொல்லவில்லை. பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த மனம் வரவில்லை.

நீ தாளைச் சுருட்டினாய். வெளியே வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னாய்: ‘நீங்க படத்தப் பாக்கவே இல்லப்பா. கூட்டத்தப் பாத்தீங்க.’ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ‘மைக்கு கெடச்சிட்டா பெத்த புள்ளயும் எதிர்க்கட்சியாத் தெரியுது இல்ல உங்களுக்கு?’ என்றாள். பிறகுதான் செய்தியைச் சொன்னாள். சென்னையில் கண்ணாடிக் கோபுரங்கள் கட்டும் ஒரு பெரிய நிறுவனம் உன்னை அழைத்திருக்கிறது. வரும் ஒன்றாம் நாள் சேர வேண்டும். வானூர் அலுவலகத்தை இம்மாத இறுதியோடு மூடுகிறாய். ‘அவனுக்கு அந்த வேல புடிக்கலங்க. ஆனா இங்க யாருக்கு வரையறதுன்னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்லட்டும்?’ என்றாள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை அஞ்சலை என்னைப் பார்க்க வந்தாள். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர். பழைய மண்டபத்தின் கூரைக்காரை பெயர்ந்து விழுந்தபோது வலத் தோளில் அடிபட்டவள். இன்றுவரை கூடை சுமக்க இயலாமல் உப்புக் குவியல்களுக்குக் கீற்று மூடும் வேலை பார்ப்பவள். அமரச் சொன்னேன். அமரவில்லை. ‘அண்ணா, நேத்து நானுந்தான் கை தட்டினேன். உங்க பேச்சு அப்பிடி. வூட்டுக்குப் போனப்புறந்தான் தோணுச்சி. வெயிலு நமக்கு மேலேருந்து மட்டுமா வருது? உப்பு மேல பட்டு கீழேருந்துதான கண்ணுல அடிக்குது. உங்க புள்ள அதுக்குத்தான கூரைய எறக்கிப் போட்டிருந்தான்?’ என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். ‘எப்பிடித் தோணும்? பாத்தியில நின்னாத்தான தெரியும். நீங்க வரப்புல நின்னு பேசறவரு.’

அவள் போன பின் நான் முதலில் நினைத்தது உன் வரைபடத்தை அல்ல. அந்தப் பழைய மண்டபத்தை. இனி நான் சொல்லப்போவதை முழுதாக மூவர் மட்டுமே அறிவோம். நீ, நான், இன்னொருவர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மண்டபம் எழுந்தது. கேட்டது நான்; பெற்றது நான்; எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னதும் நான். ஏழு படி வேண்டும் என்றேன். தரையில் உட்கார்ந்து உண்டவர்களை ஏழு படி உயர்த்துகிறேன் என்று பெருமைப்பட்டேன். அந்தப் படிகள் மேடையாகவும் பயன்படும் என்ற எண்ணமும் என்னுள் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. கூரைத் தளம் வார்க்க வேண்டிய நாளில் நல்ல தண்ணீர் வண்டி வரவில்லை. கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் துரை என்னிடம் வந்தார். ‘அண்ணா, லாரி நாளைக்குத்தான் வருமாம். ஒரு நா தள்ளிக்கலாம்’ என்றார். ஒரு நாள் தள்ளினால் திறப்பு விழாவுக்குள் முட்டுப் பலகைகளைப் பிரிக்க முடியாது. விழா அறிவிப்பு அச்சாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. திறந்துவைக்க வரவிருந்த தலைவர் நாள் கொடுத்துவிட்டார். என் வரவேற்புரையும் ஆயத்தமாக இருந்தது. ‘பாத்தியோரக் கிணற்றில் நீர் இருக்கிறதே, அதை ஊற்று’ என்றேன். அவர் தயங்கினார். ‘ஊற்று என்றால் ஊற்று’ என்றேன்.

அப்போது நீ கல்லூரியில் முதலாண்டு. விடுமுறைக்கு வந்திருந்தாய். பீப்பாயில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘அப்பா, கரிக்குதுப்பா. கம்பி துருப்புடிச்சிடும்’ என்றாய். அங்கே துரை வெளியூரிலிருந்து அழைத்து வந்த ஆட்கள் நின்றார்கள். ‘நான்கு நாள் கல்லூரிக்குப் போய்விட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துகிறாயா?’ என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீ கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய். தளம் வார்க்கப்பட்டது. விழா நடந்தது. என் உரை நன்றாக அமைந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

கம்பி உள்ளுக்குள் துருவேறிப் புடைத்தது. காரை வெடித்தது. ஒரு மழை நாளில், வேறு ஒதுங்கிடம் இல்லாமல் அந்த ஏழு படி ஏறிய பெண்களில் அஞ்சலையின் தோள்மேல் ஒரு பாளம் விழுந்தது. மருத்துவமனைக்கு ஓடினேன். மறுநாள் மண்டபத்தின் முன் கண்டனக் கூட்டம். அங்கே நான் என்ன பேசினேன் என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். ‘கட்டிய கையில் நேர்மை இல்லை’ என்றேன். துரையின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சுவர் கட்டும் வேலைகூடக் கிடைக்காமல் போயிற்று. குடும்பத்தோடு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நீ தொலைபேசியில் அழைத்தாய். ‘அந்தத் தண்ணி விசயத்தச் சொன்னீங்களாப்பா?’ என்று கேட்டாய். கூட்டம் இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்றேன். அந்தப் ‘பிறகு’ ஐந்தாண்டுகளாக வரவே இல்லை. இதோ, இப்போது சொல்கிறேன், எல்லாரும் கேட்க: உப்பு நீரை ஊற்றச் சொன்னவன் நான். தடுத்தவர் துரை. பழியை அவர்மேல் போட்டதும் நான்.

கடந்த செவ்வாய்க்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்க வானூர் போனேன். வேலை முடிந்தும் பேருந்து ஏற மனம் வரவில்லை. உன் அலுவலகம் அங்கே இயங்கத் தொடங்கி நான்காண்டுகள். ஒரு முறைகூட நான் அதன் படியேறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரில் எவரேனும் கேட்டால் ‘மகன் கட்டடக்கலை வல்லுநர்’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். என்ன கட்டுகிறான் என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றுவேன். உரக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஏறினேன். நீ சென்னைக்குப் போயிருந்தாய். உன்னோடு படித்த ஸ்டெல்லா தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ‘வாங்க அங்கிள்’ என்றாள். நான் திருத்தவில்லை. ஒரு பிறமொழிச் சொல்லைத் திருத்தாமல் நான் விட்டது என் வாழ்வில் அதுவே முதன்முறை. உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

உள்ளறையிலிருந்து உங்கள் மூன்றாம் ஆள் வந்தார். மூவர் வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியும். அந்த மூன்றாமவர் யார் என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை. ‘வாங்கண்ணா. ஒக்காருங்க. டீ சொல்லட்டா?’ என்றார். துரை. தலை முழுதும் நரைத்திருந்தது. ‘நீ இங்கேயா?’ என்று அவரைக் கேட்டேன். ‘நாலு வருசமாச்சே. எழிலு சொல்லலியா?’ என்றார். சொல்லவில்லை என்றேன். ‘நீங்க கேட்டிருக்க மாட்டீங்க’ என்று சொல்லிவிட்டுத் தேநீருக்கு ஆள் அனுப்பினார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உண்மையை ஊரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னா யாருண்ணா கேப்பாங்க? உங்ககிட்ட மைக்கு இருந்துச்சி. என்கிட்ட கரண்டி இருந்துச்சி’ என்றார். பிறகு, ‘எழிலு புதுச்சேரிக்கு வந்து என்னத் தேடிப் புடிச்சான். கூலிக்கு இல்ல மேஸ்திரி, கூட்டாளியா வாங்கன்னான். வரைஞ்சி முடிச்சப்புறம் இல்ல, வரையறதுக்கு முன்னாடியே என்கிட்ட கேப்பான். எங்கயும் அப்பிடி யாரும் என்னக் கேட்டதில்ல’ என்றார்.

ஸ்டெல்லா ஒரு தடித்த குறிப்பேட்டை என் முன் வைத்தாள். உங்கள் வேலையின் முறை அதில்தான் இருந்தது. எந்தக் கட்டடமானாலும், முதல் கோடு இழுப்பதற்கு முன் நீங்கள் மூவரும் ஒரு நாள் முழுதும் அங்கே போய், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் வேலையை அவர்களோடு செய்கிறீர்கள். வேடிக்கை பார்ப்பதன்று, செய்வது. அனுமந்தையில் ஒரு மீனவர் வீட்டுக்காகக் கரையில் வலை இழுத்திருக்கிறீர்கள். படகு எந்திரத்தைக் கழியில் கட்டி இருவர் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதைப் பார்த்த பிறகே அந்த வீட்டுக்குப் பக்கவாசல் எவ்வளவு அகலம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். முகப்பில் தூண் வைத்த மண்டபம் வேண்டும் என்று அவர் கேட்டதும், நீங்கள் மறுத்ததும், அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் எழுதப்பட்டிருந்தன. முதல் மழைக்குப் பிறகு மறுபடி போய்க் குறை கேட்டிருக்கிறீர்கள். வாடைக்காற்றில் சாரல் அடித்து வலைகள் நனைந்தன என்று அவர் மனைவி திட்டிய திட்டு, சொல் மாறாமல் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. ‘படிச்சவன் போட்ட வூடு, பட்டி ஆடு கூட ஒதுங்காது’ என்று. கீழே உன் கையெழுத்தில்: ‘எங்கள் பிழை. வடபக்கம் தட்டி அடைக்க வேண்டும்.’ அடைத்தும் கொடுத்திருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். ‘எங்கள் பிழை’ என்று எழுத எனக்கு ஐந்தாண்டுகள் ஆகியும் முடியவில்லை.

பிறகு உப்பளத்தின் பக்கங்கள் வந்தன. இங்கே மட்டும் துரை வராமல் நீங்கள் இருவரே வந்து வேலை செய்திருக்கிறீர்கள். அஞ்சலை சொன்னது அங்கே இருந்தது: ‘சாப்பிடறதுக்கு முன்ன கால்ல நல்ல தண்ணி ஊத்தணும். இல்லனா எரிச்சல்ல சோறு எறங்காது.’ மண்டபம் திறந்திருந்த காலத்திலும் உள்ளே ஏன் போகவில்லை என்று நீ கேட்டதற்கு இன்னொரு பெண் சொல்லியிருக்கிறாள்: ‘வெடிச்ச கால வெச்சிக்கினு ஏழு படி யாரு ஏறறது? லாரி நெழலு போதும்.’ ஏழு படி, எழிலா. ஒவ்வொரு படியும் அவர்களின் புண்மேல் நான் வைத்த படி. ஏழாண்டுகள் அவர்கள் சரக்குந்தின் நிழலில் உண்டதைப் பார்த்தும், பழக்கம் மாறவில்லை என்று அவர்களைத்தான் கடிந்துகொண்டேன்.

உன் வரைபடத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். ஸ்டெல்லா மேசையில் விரித்தாள். துரை நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். கட்டடம் காலிலிருந்து தொடங்குகிறது. முதலில் நீளத் தொட்டி. அதன் முன் முழங்கால் உயரத்தில் கல்லிருக்கை. உட்கார்ந்து கால் கழுவலாம். அங்கிருந்து படியே இல்லாமல் உண்ணும் இடம். தூண்கள் கருங்கல், ஏனெனில் உப்புக்காற்று கல்லைத் தின்ன நெடுங்காலம் ஆகும். மேலே மரச்சட்டம், மர முளை, ஓடு. இரும்பு எங்கே என்று கேட்டேன். ‘ஆணி கூடக் கெடையாது அங்கிள்’ என்றாள் ஸ்டெல்லா. ஓடு உடைந்தால்? ‘அஞ்சலக்காவே ஏணி வெச்சி மாத்திக்கலாம். எங்களக் கூப்பிட வேணாம். அதான் கணக்கு.’ எவர் பயன்படுத்துகிறாரோ அவர் கையாலேயே செப்பனிடக்கூடியதாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு முழம்கூட இருக்கக் கூடாது. கட்டியவர் பெயர் எங்கும் பொறிக்கப்படக் கூடாது. இவை உங்கள் அலுவலகச் சுவரில் எழுதி மாட்டிய கொள்கைகள் அல்ல. அந்தத் தாளில் இருந்தன. நான் மேடையில் முப்பதாண்டுகளாகச் சொன்ன ‘உழைப்பவர்க்கே உரிமை’ என்பதை நீங்கள் ஓடும் கல்லுமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் நான் எழுந்து நின்று எதிர்த்திருக்கிறேன்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது, கொடிக்கம்பப் பீடத்துக்காக நான் வைத்திருந்த செங்கற்களை எடுத்துப் போய்விட்டாய் என்று உன்னை அடித்தேன். உன் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தரையிலிருந்து தூக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து, அவள் இடுப்பு உயரத்தை நூலால் அளந்து, ஒரு மேடை அடுக்கியிருந்தாய். அவள் இன்றும் அதன்மேல்தான் குடம் வைக்கிறாள். உன் கலை எங்கே தொடங்கியது என்று எவரேனும் கேட்டால் நான் கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன்.

ஒன்றில் மட்டும் உன்னோடு முரண்படுகிறேன். தந்தை என்ற உரிமையில் அதைச் சொல்லியாக வேண்டும். நீ கேட்கத் தெரிந்தவன், எடுத்துரைக்கத் தெரியாதவன். தாளை ஒட்டிவிட்டு ஓரமாக நின்றால் அது தானே பேசிவிடும் என்று எண்ணுகிறாய். பேசாது, மகனே. கூரை ஏன் தாழ்ந்தது என்று நீ இரண்டு வரி சொல்லியிருந்தால் என் பேச்சு அங்கேயே மடிந்திருக்கும். உன் அமைதியைப் பண்பு என்று பலர் புகழ்வார்கள், நம்பாதே. நல்ல வேலையைச் செய்தவன் அதற்காக வாதாடவும் வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒருவன் எப்போதும் எங்கும் எழுந்து நிற்பான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உன்மேல் உள்ள ஆசையால் சொல்கிறேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு என்பதையும் சேர்த்துக்கொள். நீ மெலிந்து போனாய் என்று உன் அம்மா என்னைத்தான் ஏசுகிறாள்.

சென்னை நிறுவனம் பெரியது, ஊதியம் பெரியது, உன் திறமைக்கு அங்கே இடமுண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே எவரும் வரைவதற்கு முன் ஒரு நாள் பாத்தியில் நின்று பார்க்கச் சொல்லமாட்டார்கள். இங்கே கால் புண்ணோடு நிற்பவர்களுக்கு வேறு யார் வரைவார்? ‘இங்க யாருக்கு வரையறது’ என்று அம்மாவிடம் கேட்டாயாம். விடை இதோ: அஞ்சலைக்கு வரை.

தோழர்களே, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடியும் பொதுக்குழுவைக் கூட்டச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று முதலில் துரையிடம் உங்கள் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்பேன். பிறகு உட்கார்ந்துவிடுவேன். வரைபடத்தை நீங்கள் பாருங்கள். குறை இருந்தால் முகத்துக்கு நேரே கேளுங்கள். சரியென்று பட்டால் அன்றே கை உயர்த்தி முடிவு செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். இன்னொரு மழைக்கு அந்தப் பழைய மண்டபத்தின் வெளி ஓரத்தில்கூட எவரும் ஒதுங்கக் கூடாது.

எழிலா, என்னை மன்னிப்பதும் மன்னிக்காதிருப்பதும் உன் விருப்பம். அதற்கு நான் காலக்கெடு வைக்கவில்லை. வேலைக்கு வைக்கிறேன். ஸ்டெல்லா கட்டி வைத்திருக்கும் தாள்களை இன்றே பிரிக்கச் சொல். துரையை அழைத்துக்கொண்டு சனிக்கிழமையே வந்து தரையில் அளவு குறித்துவிடு. மக்கள் அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். அதற்கெல்லாம் முன்பாக, இதைப் படித்து முடித்த கையோடு, சென்னைக்கு எழுது: நான் வரவில்லை என்று.